இடப்பக்க நாற்காலி

கோமதிநாயகம் அண்ணாச்சியின் கழுத்து திரும்பாது.

சுளுக்கு ஒன்றும் இல்லை. அவர் திருப்ப மாட்டார், அவ்வளவுதான். அவர் பட்டிமன்ற நடுவர். மேடை நடுவில் அவருக்கு ஒரு சிம்மாசனம், இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் ஓர் அணி, எதிரே சனம். ‘நடுவரின் கழுத்து திரும்பினால் மனம் திரும்பிவிட்டது என்று பொருள். நான் தராசு முள்!’ என்று இளமையில் ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். கைதட்டு வாங்கிய வாக்கியத்தைக் கைவிடுகிற பேச்சாளர் தமிழ்நாட்டில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அன்று முதல் இரண்டு அணியையும் கண்ணோரத்தாலேயே பார்ப்பார். கழுத்துக்கு மாலை போட வருகிறவர்கூட நேர் எதிரே வந்துதான் போட வேண்டும்.

சொல்வேந்தர், நாநலச் செம்மல், தீர்ப்புத் திலகம் என்று அழைப்பிதழில் பட்டங்கள் வரிசையாக வரும். இடம் மிச்சம் இருந்தால் பெயரும் வரும்.

அப்போது இரண்டாயிரத்து எழுபதுகள் பிறந்துவிட்டன. பாளையங்கோட்டையில் ஓட்டுநர் இல்லாத பேருந்து ஓடியது. ஆள் இல்லாத கடையில் பால் கிடைத்தது. ஒரு வருடம் இயந்திர நடுவரைக்கூட வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தரப்பையும் எடை போட்டு நொடியில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சரியாக இருந்தது. அதுதான் சனத்துக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சியையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நான் அவருடைய குழுவில் வலப்பக்க அணித் தலைவன். ஜெபமலர் டீச்சர் இடப்பக்க அணித் தலைவி. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். குரங்கு முதல் கணவர் வரை எல்லா உயிரினத்தையும் நடித்தே காட்டிவிடுவார். கையை இப்படி ஒரு வெட்டு வெட்டி, புருவத்தை அப்படி ஒரு தூக்குத் தூக்கினால் சபை உருளும். ஆனால் சில வருடங்களாக அவர் ஜெயித்ததே இல்லை. தலைப்பு எதுவானாலும் சரி, மாமியாரோ மருமகளோ, பணமோ பாசமோ, தீர்ப்பு என் பக்கம்தான். என் பேச்சு மெருகேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று என்னை நானே பாராட்டிய நாட்களும் உண்டு.

நாற்காலிக்கு ராசி இல்லை என்று குழுவில் பேச்சு கிளம்பியது. இடப்பக்கம் உட்காருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். டீச்சர் மட்டும் பழத்தை வாங்கிச் சாறு பிழிந்து குடித்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மாதிரி தோற்றார்.

“அண்ணாச்சிக்கு என்மேல என்ன காட்டம்னு தெரியல இசக்கியப்பன். பொம்பளைக்கு ஜெயிப்பு எதுக்குன்னு நெனைக்காரோ என்னவோ.”

“திறமைன்னு ஒண்ணு இருக்குல்லா டீச்சர்?” என்றேன்.

“இருக்கு. அது எங்க இருக்குன்னு இன்னைக்குக் கண்டுபிடிக்கேன்.”

அன்று ஆலங்குளத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் முறை வந்து நான் முழங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று சபை சிரித்தது. நான் அந்த இடத்தில் நகைச்சுவை எதுவும் வைத்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தால், டீச்சர் தன் நாற்காலியில் இருந்தபடி நடுவரைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறார். ஒரு முழ தூரத்தில். அண்ணாச்சியின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. டீச்சர் இரண்டு கைகளையும் காதில் வைத்து யானைக் காது ஆட்டினார். சபை கொந்தளித்தது. அண்ணாச்சி ஒலிபெருக்கியை இழுத்து, “பாத்தீளா, நான் புன்னகைச்சதுக்கே இவ்வளவு சிரிப்பு!” என்றார், பெருமிதத்தோடு.

டீச்சர் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து அவருடைய இடது கண்ணுக்குப் பக்கத்தில் நீட்டினார். அவர் தண்ணீர் கேட்டு உதவியாளருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். நாக்குத் துருத்திய அந்த முகத்தில் கோபம் வடிந்துவிட்டிருந்தது.

“அவர் என்னைய வெறுக்கல,” என்றார், மண்டப வாசலில். “அவருக்கு நான் இல்லவே இல்ல. இத்தன நாளா குரலு மட்டும்தான் கேட்டிருக்கு. பாதி சபையும் இல்ல.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் முதலில் வந்தது அண்ணாச்சியைப் பற்றிய கவலை என்று எழுதினால் நன்றாக இருக்கும். என் வெற்றிகள் எல்லாம் நாற்காலியின் வெற்றிகள் என்பதுதான் முதலில் வந்தது.

அண்ணாச்சியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது சுலபம் இல்லை. ‘உங்களைப் போன்ற பெரியவர்கள் பரிசோதனை செய்துகொண்டால் நாட்டுக்கு முன்மாதிரி’ என்று சொன்ன பிறகுதான் வேட்டி மாற்றினார். டாக்டர் ரஹ்மத் நிஷா மேலப்பாளையத்துக்காரர். கண்ணழுத்த நோய்க்காகவே படித்தவர். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். அண்ணாச்சி அமுக்கினார். பாதி நேரம் சும்மா இருந்தார்.

“உங்க மிஷின்ல பாதி பல்பு பீஸ் போயிருக்கும்மா,” என்றார், வெளியே வந்து. “யாராச்சும் எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க.”

“பல்பு எல்லாம் எரிஞ்சுது ஐயா,” என்றார் டாக்டர். “இடது கண்ணுல பெரும்பகுதி போயிட்டு. வலது கண்ணுல மூக்குப் பக்கம் போயிட்டு. ரெண்டும் சேர்ந்து உங்களுக்கு இடப்பக்கம் காலி.”

“காலின்னா இருட்டுல்லா தெரியணும்? எனக்கு இருட்டே தெரியலையே!”

“தெரியாது. மூளை விடாது. ஓட்டை விழுந்த எடத்துல சுத்தி இருக்க நெறத்த எடுத்துப் பூசி, ஒட்டுப் போட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு உங்களுக்குச் சொல்லிரும்.”

“நம்ம ரோட்டுக் காண்ட்ராக்டர் மாதிரி,” என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் மேசையில் இருந்த தண்ணீர்க் குப்பியை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினார். கண்ணுக்குள்ளே ஓயாமல் ஒரு தண்ணீர் ஊறும். கண்ணீர் வேறு, இது உள்ளே ஊறுவது. ஊறியது வடிய, கருவிழி ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு வடிகால். அது அடைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பின்னால் இருக்கிற நரம்பு இழை இழையாகச் சாகும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும்.

“வலிக்காதா?” என்று கேட்டார் டீச்சர்.

“வலிச்சா எல்லாரும் ஓடி வந்திருவாங்களே டீச்சர். எனக்கு வேலை மிச்சம்.” டாக்டர் அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். “ஐயா, முன்னாடி ஒரு முகாம்ல உங்களுக்குச் சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. விட்டீங்களா?”

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். “கொஞ்ச நாள் விட்டேன். கண்ணு செவந்து போச்சு. டிவியில பாத்தவன் ஒருத்தன், நடுவர் தண்ணியப் போட்டுட்டு வந்திருக்காருன்னு எழுதிட்டான். எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்லா?”

“கண்ணும் இருந்துச்சு,” என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. “செவக்காத மருந்து வேற இருக்கு, மாத்திக் குடுத்திருப்போம். இப்பவும் ஒண்ணும் குடி முழுகல. லேசர் வச்சு அந்தச் சல்லடையத் தட்டி விடலாம். உக்காந்து எந்திரிக்கிற நேரம்தான். அப்புறமும் சொட்டு மருந்து தேவைப்படும். அழுத்தத்த எறக்கி வச்சா, இருக்கிற பார்வை தங்கும்.”

“போனது வருமா?”

“வராது.”

இத்தனை வருடத்தில் கண் வைத்தியம் எங்கெங்கோ போய்விட்டது. செத்த நரம்பை எழுப்ப மட்டும் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

“வராதுன்னா எதுக்கும்மா வைத்தியம்?” அண்ணாச்சி மேடைக் குரலுக்கு வந்தார். “போனதை மீட்டுத் தராத மருத்துவம், பொருளை மீட்டுத் தராத காவல்துறை...”

“வீட்டுல திருடன் பூந்துட்டான். போன நகை வராதுன்னு கதவத் தொறந்தே போட்டு வைப்பீங்களா? அவன் இன்னும் உள்ளதான் ஐயா இருக்கான். இப்படியே விட்டா, ஒரு வருசத்துக்குள்ள நடுவுக்கு வந்திருவான்.”

அண்ணாச்சி எழுந்தார். கழுத்தைத் திருப்பாமல் வாசலுக்கு நடந்தார். கதவின் இடது நிலையில் தோளை இடித்துக்கொண்டார். “வாசலக் கோணலா வச்சிருக்காவ,” என்றார்.

இந்த இடத்தில்தான் ‘பூரணம்’ வந்து சேர்ந்தது.

பூரணம் ஒரு பட்டை. தபால்தலை அளவு. பிடரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்வையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே என்ன இருக்கும் என்று ஊகித்து, மூளைக்கு நேராகப் படம் அனுப்பும். ஊகம் எதிலிருந்து? அவரவர் பழக்கத்திலிருந்து. இத்தனை வருடம் நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டீர்களோ, எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்களோ, அதிலிருந்து. உண்மைப் படத்தை அனுப்ப அந்தச் சின்னப் பட்டைக்குச் சக்தி போதாது. சந்தோஷப் படத்துக்குப் போதும்.

ஊரில் வயசாளிகள் பாதிப் பேர் பிடரியில் பட்டையோடு நடமாடினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தெருவில் போனால் அவருடைய வலப்பக்கம் முழுக்கப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லிக்கொண்டே குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போவார். என் பெரியம்மா மகள் ஒருத்திக்கு இடப்பக்கம் ஓட்டை. மருமகளை இடப்பக்கமே நிறுத்திக்கொண்டாள். எந்நேரமும் சிரித்த முகம். அந்த வீட்டில் சண்டையே நின்றுபோனது. மருமகள் அந்தப் பக்கம் நின்று என்னென்ன அபிநயம் பிடித்தாள் என்பது வேறு கதை.

பட்டைக் கம்பெனி மேலாளர் அஸ்வத் அண்ணாச்சியின் வீட்டுக்கே வந்தார். கையில் பூங்கொத்து, சால்வை, இன்னொரு பட்டம்.

“சார், நீங்க எங்க பிராண்டோட முகம். பொங்கல் பட்டிமன்றம் எங்க செலவு. உலகம் முழுக்க நேரலை. தலைப்புகூட நாங்களே யோசிச்சிட்டோம்: ‘முதுமையில் நிம்மதி தருவது உள்ளதைக் காண்பதா, நல்லதைக் காண்பதா?’”

அண்ணாச்சி அங்கேயே பட்டையை ஒட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது. “வே இசக்கியப்பா! எல்லாம் வந்துட்டுவே! அந்தா தெரியுது பாரும், இடப்பக்கம் சன்னல், சன்னலுக்கு வெளிய சனம்!”

இடப்பக்கம் சன்னல் உண்டு. வெளியே சனம் இல்லை. ஒரு மாடு நின்றது.

“அண்ணாச்சி, அப்ப லேசரு?”

“எதுக்குவே? ஓட்டைதான் அடைஞ்சுட்டே.”

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “முன்னால மூளை பூசி மறைச்சுது. இப்ப காசு குடுத்துப் பூசுறாங்க. காவல்காரனத் தூங்க வச்சிட்டுத் திருடனுக்கு வெத்தல மடிச்சுக் குடுக்குற மாதிரி. ஓட்டை பெருசாகப் பெருசாகப் பட்டையும் பெருசா வரையும். கடைசி இழை போற அன்னைக்கு, உலகம் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிக்கிட்டே குருடாவாரு.” அப்புறம் கேட்டார்: “டீச்சர் எந்த அணி?”

“உள்ளதைக் காண்பது.”

“இடப்பக்கமா?”

“அவங்க வேற எங்க உக்காந்திருக்காங்க?”

பொங்கலன்று மைதானம் நிரம்பி வழிந்தது. நான் வலப்பக்கம், எனக்கு ‘நல்லதைக் காண்பதே’ தரப்பு. பேசுகிறவனுக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம், அதனால் நன்றாகவே பேசினேன். தூங்குகிற குழந்தையைத் தாய் ‘ராசா’ என்கிறாளே, அந்தக் குழந்தைக்கு எந்த நாடு இருக்கிறது? நல்லதைக் காண்பது பொய் என்றால் தாலாட்டும் பொய்! கைதட்டு. அஸ்வத் முன்வரிசையில் எழுந்து நின்று தட்டினார்.

டீச்சர் எழுந்தார். வழக்கமான புருவம் இல்லை, கை வெட்டு இல்லை.

“நடுவர் அவர்களே,” என்றார். “உள்ளதைக் காணணும்னு நான் வாதாடப் போறதில்ல. காட்டப் போறேன்.”

அதோடு நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் மேடைப் படியில் இறங்கி, முன்வரிசையின் இடப்பக்கம் ஒரு காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சபை மூச்சை அடக்கிக்கொண்டது.

அண்ணாச்சி காத்திருந்தார். பிறகு இளநகையோடு ஒலிபெருக்கியை இழுத்தார்.

“ஜெபமலர் அம்மா பேச்சு வராம நிக்காவ. பாவம். பாத்தீளா, இசக்கியப்பன் பேசினதுக்குத் தலையாட்டுதாவ... இந்தா, சிரிச்சிட்டாவ! எதிரணித் தலைவியே ஒத்துக்கிட்ட பொறவு...”

யாரும் சிரிக்கவில்லை.

அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. தன்னுடைய பிரசித்தமான பல்செட்டு நகைச்சுவையை எடுத்து விட்டார். அது ஊர் ஊராக நாற்பது வருடம் சிரிக்க வைத்தது. மரண வீட்டில் சொன்னாலும் சிரிப்பார்கள். மைதானத்தில் ஒரு குழந்தை இருமியது. அவ்வளவுதான்.

அண்ணாச்சியைப் பற்றி நான் என்ன வேண்டுமானாலும் எழுதுவேன். பட்டங்களைக் கேட்டு வாங்கியவர், சால்வைக்கென்று தனி அலமாரி வைத்தவர், தன் மணிவிழாவுக்குத் தானே வாழ்த்துப்பா எழுதி வேறு ஒருவர் பெயரில் வாசிக்கச் சொன்னவர். ஆனால் அவருடைய காது பொய் சொல்லாது. சபையின் மௌனத்தில் எது யோசிக்கிற மௌனம், எது கொட்டாவி மௌனம், எது பயந்த மௌனம் என்று அவருக்குத் தெரியும். அவருடைய கண்ணுக்கு இடப்பக்கம் ஆயிரம் பேர் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதுக்கு ஒருவரும் இல்லை.

“ஜெபமலர் அம்மா?” என்றார். குரலில் நடுவர் இல்லை.

“இங்க இருக்கேன் அண்ணாச்சி. கீழ.”

“கீழயா? இந்தா, பக்கத்துலல்லா நிக்கீக. தலையாட்டுதீகளே.”

அவர் இடது கையை நீட்டினார். கை காற்றைத் துழாவியது. நாற்காலியின் முதுகைத் தொட்டது. இறங்கி இருக்கையைத் தடவியது. வெறும் பிரம்பு. டீச்சர் வைத்துவிட்டுப் போன குறிப்புத்தாள் விரலில் பட்டுக் கீழே விழுந்தது.

அஸ்வத் கேமராக்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார், நிறுத்து, நிறுத்து என்று. கேமராக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. இந்த மனிதர் இப்போது என்ன செய்வார்? திட்டலாம். ‘பெண்புத்தி’ என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பொழியலாம். பாதிச் சபை கைகூடத் தட்டும். மயங்கி விழலாம், அது மரியாதையான வழி. எங்கள் தொழிலில் பலர் அப்படித் தப்பித்திருக்கிறார்கள்.

அவர் வலது கையைப் பிடரிக்குக் கொண்டுபோனார். பட்டையைப் பிய்த்தார். முடியும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. கண்ணை மூடித் திறந்தார். பிறகு, எங்கள் குழுவில் யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார்.

கழுத்தைத் திருப்பினார்.

முழுசாக, இடது தோளுக்கு மேல், மெதுவாக. காலி நாற்காலியைப் பார்த்தார். அதற்கு அப்பால் இடப்பக்கச் சனத்தைப் பார்த்தார். கடைசியில் முன்வரிசையில், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த டீச்சரைக் கண்டுபிடித்தார்.

“ரொம்ப நாளாச்சும்மா உங்களப் பாத்து,” என்றார். “எளச்சிட்டீக.”

ஒலிபெருக்கி இதையும் மைதானம் முழுக்கச் சொன்னது. அவர் அதைக் கவனித்து, சபையின் பக்கம் திரும்பினார்.

“தீர்ப்பு சொல்லணும். பாதிதான் பாத்திருக்கேன். பாதி பாத்துட்டு முழுத் தீர்ப்பு சொல்றது எனக்குப் பழக்கம்னு இப்பதான் தெரியுது. அந்தப் பழக்கம் இன்னையோட சரி. தீர்ப்ப ஒத்தி வைக்கேன். கண்ணுக்கு வைத்தியம் பாத்துட்டு வாரேன். இதே தலைப்பு, இதே அணி, மறுபடி பேசட்டும். எல்லாரும் வீட்டுக்குப் போயிப் பொங்கல் சாப்பிடுங்க.”

நாற்பது வருடத்தில் ஒரு தீர்ப்பைக்கூட ஒத்திவைக்காதவர். சபை எழுந்து நின்றது. நான் அதுவரை அந்த மனிதருக்குத் தொழிலுக்காகத்தான் எழுந்து நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை லேசர். தலையைக் கருவியில் பொருத்தியதும், “ஒளியோடு ஒளி மோதும் தருணம்!” என்றார் அண்ணாச்சி. “தாடையை அசைக்காதீங்க ஐயா,” என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் முடிந்தது. “ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார். ஒரு காவியத்துக்குத் தயாராகப் போயிருந்தார். காப்பி குடிக்கிற நேரத்தில் முடிந்தது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அழுத்தம் இறங்கியது. காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் ஒரு நிமிடம் அமுக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். மாலைச் சொட்டு எப்போதும் பட்டிமன்ற நேரத்தில் வரும். அண்ணாச்சி மறைக்கவில்லை. மேடையிலேயே தலையைச் சாய்ப்பார், டீச்சர் எழுந்து வந்து மருந்து விடுவார். ஒரு நிமிடம் சபை காத்திருக்கும். அவர் மேடையில் வாய் திறக்காமல் இருந்த நிமிடங்கள் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் அவைதான்.

கொஞ்ச நாளில் இன்னொன்று நடந்தது. அந்த நிமிடத்தில் சபையிலும் அங்கங்கே பைகள் திறந்தன. குப்பிகள் வெளியே வந்தன. ஒருவருக்கொருவர், முன்பின் தெரியாதவர்கள், “கொஞ்சம் விடுங்களேன்” என்று கேட்டு, வானத்தைப் பார்த்தார்கள். அந்தத் தலைமையாசிரியர்கூட. நூற்றுக்கணக்கான வெள்ளைத் தலைகள் ஒன்றாகச் சாய்ந்திருப்பதை மேடையிலிருந்து பார்க்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் கேலி எதுவும் தோன்றியதில்லை. முயன்று பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் அதே மைதானம், அதே தலைப்பு. நான் என் தாலாட்டைத் திரும்பப் பாடினேன். நான் பேசும்போது அண்ணாச்சி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். டீச்சர் பேசும்போது சிம்மாசனத்தையே நகர்த்தி இடப்பக்கம் திரும்பினார். டீச்சர் அன்று பேசிய பேச்சு! புருவம், கை, குரங்கு, கணவர், பட்டை ஒட்டிய மாமியார், அபிநயம் பிடிக்கும் மருமகள். நான் தோற்றுவிட்டேன் என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. அஸ்வத் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணாச்சி தீர்ப்புக்கு எழுந்தார்.

“ஜெபமலர் அம்மா மாதிரி பேச ஆள் இல்ல. முழுசாப் பாத்துட்டுச் சொல்லுதேன். ஆனா தலைப்பு என்ன? நிம்மதி தருவது எது? பட்டைய எடுத்த நாள்லருந்து எனக்கு நிம்மதி இல்ல. இடப்பக்கம் ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. படி எறங்கப் பயம். சோறு திங்கையில பாதித் தட்டு எங்கன்னு தேடுதேன். ராத்திரி, இன்னைக்கு எத்தனை இழை போச்சோன்னு நெனப்பு. உள்ளதைக் கண்டா நிம்மதின்னு சொன்னா அது பொய். அந்தப் பட்டையோட இருந்த நாள்தான் நிம்மதி. ஆகவே, முதுமையில் நிம்மதி தருவது நல்லதைக் காண்பதே!”

மைதானம் திகைத்தது. அஸ்வத் துள்ளி எழுந்தார். அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பிறகு ஒரு வருடம் விளம்பரம் போட்டார்கள்.

வெட்டிய இடத்துக்கு அடுத்த வரி இது:

“ஆனா மனுசனுக்கு நிம்மதி வேணுமா வேண்டாமாங்கறது இன்னொரு பட்டிமன்றம். அதுக்குத் தீர்ப்பு நான் பட்டையப் பிய்ச்ச அன்னைக்கே சொல்லியாச்சு.”

நான் டீச்சரைப் பார்த்தேன். மறுபடியும் தோல்வி, அதே நாற்காலி. அவர் முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

“என்ன டீச்சர், தோத்துட்டு இப்படிச் சிரிக்கீங்க?”

“பாத்துட்டுத் தோக்கடிச்சாருல்லா,” என்றார், பையில் குப்பியைத் தேடிக்கொண்டே. “அது வேற.”

மாலைச் சொட்டுக்கு மணியாகியிருந்தது. அவர் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“அண்ணாச்சி, மருந்து.”

“எந்தப் பக்கம்மா நிக்கீக?”

“இடப்பக்கம்.”

“தெரியலையே.”

“தலையத் திருப்புங்க.”

அவர் திருப்பினார்.